கூழ்முட்டை என்ற சொல்

வெள்ளவத்தை
04.02.2025

அன்புள்ள மாமிக்கு,

தொலைபேசியில் உங்களுக்குக் காது கேட்பதில்லை, ஆகவே எழுதுகிறேன். ஏழு முட்டைகள் எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசியால் இவருடைய விந்தணு ஒன்றைச் செலுத்தினார்கள். மறுநாளும் ஏழும் அப்படியே கிடந்தன. "ஒண்டும் முழிக்கேல்லை, தங்கச்சி" என்றார் டொக்டர். இன்னும் ஒரு முறைதான். அதற்கு மேல் என் உடல் தாங்காதாம்.

பொங்கலன்று எல்லோர் முன்னாலும் என்னைக் கூழ்முட்டை என்றீர்கள். அது உண்மைதானோ என்று பயமாயிருக்கிறது. நீங்கள் விலங்கியல் படித்தவர். சொல்லுங்கள்.

மருமகள் கீர்த்திகா

கரவெட்டி
09.02.2025

கீர்த்திகாவுக்கு,

கூழ்முட்டை அடைக்கோழியின் கீழ்ப் பொரிக்காமல் கிடப்பது. பட்டதாரியான நான் அதை உனக்குச் சொன்னது அறிவீனம்.

முதிர்ந்த முட்டை தன் கலப்பிரிவின் நடுவழியில் நின்று காத்திருக்கும். விந்தணு கொண்டுவரும் ஒரு புரதமே உள்ளே கல்சியத்தை அலை அலையாக எழுப்பி அதை விழிக்கச் செய்கிறது. அந்தப் புரதம் இல்லையென்றால், ஊசியால் ஏற்றினாலும் முட்டை உறங்கும். ஏழும் உறங்கினவென்றால் என் மகன் மயூரதனைப் பரிசோதிக்கச் சொல். மருந்தால் கல்சியத்தை ஏற்றி முட்டையை எழுப்பும் முறையும் உண்டு, கேள்.

இந்தக் குறை பரம்பரையாகவும் வரும்; எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சொந்தத்துக்குள்தான் கலியாணம். நானும் மச்சானைத்தான் கட்டினேன். என் அண்ணை பொன்னம்பலத்துக்கு இரண்டு மனைவியரிடமும் பிள்ளையில்லை. மூத்தவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னவள் நான். இப்போது பயப்படும் முறை என்னுடையது.

பூரணம்

வெள்ளவத்தை
21.03.2025

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் எழுதியதே சரி. இவருடைய விந்தணுவில் அந்தப் புரதம் இல்லை. மருந்திட்டதும் ஆறு முட்டைகளில் நான்கு விழித்தன. நேற்று ஒரு கருவை வைத்தார்கள். ஏப்ரல் மூன்றாந் திகதி இரத்தம் பார்ப்பார்கள்.

ஆனால் இவர் சாப்பிடுவதில்லை. "ஊருக்குத் தெரிஞ்சால் நான் அந்தப் பக்கம் போகமாட்டன்" என்கிறார். இரண்டு பயத்தோடும் படுத்திருக்கிறேன். தெரியாதவர் போல இருங்கள், மாமி.

கீர்த்திகா

கரவெட்டி
26.03.2025

அன்பின் கீர்த்திகா,

தெரியாதவள் போல இருக்க எனக்கு வராது. பொங்கலுக்கு வந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் போய், நான் சொன்ன சொல் பிழை என்றேன்.

"அப்ப பிழை ஆரிலை, அக்கா?" என்றாள் அயல்வீட்டுக் கதிரவேலுவின் மனைவி, ஆவலை மறைக்காமல்.

"என்ரை வாயிலை" என்றேன்.

அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. மயூரதனைச் சாப்பிடச் சொல்.

மூன்றாந் திகதி முடிவை உறையின் வெளிப்புறத்திலேயே எழுதிவிடு. தபாற்காரர் வாசித்தால் வாசிக்கட்டும். உறையைப் பிரிக்க எனக்குக் கை வராது.

உன் மாமி