என் கண்ணீருக்குத் தவறான காரணம் எழுதப்பட்டது குறித்து

அனுப்புநர்
இணைப் பேராசிரியர், புள்ளியியல் துறை
(ஒழுங்குக் குழுவின் ஆணையில் "பாதிக்கப்பட்ட ஆசிரியர்" என்று குறிப்பிடப்பட்டவர்)

பெறுநர்
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம்.

பொருள்: என் மாண்பைக் காப்பதற்காக இறுதியாண்டு மாணவி ஒருவர் மீது பிறப்பிக்கப்பட்ட ஒரு பருவ இடைநீக்க ஆணை – அதை ரத்து செய்யும்படி அந்த மாண்புக்கு உரியவரே வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மாணவர் நடத்தை விதிகள், விதி எண் 12.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்றால் எடுத்த எடுப்பில் குறை சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்கோ நன்றி சொல்லாமல் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆகவே நன்றியை முன்னால் வைக்கிறேன். குறை பின்னால் வரும், ஓடிப்போகாது.

1. துறை விழாவில் என்னை ஒரு மாணவி கேலி செய்தார் என்று கேள்விப்பட்டதும், நான் வாய் திறப்பதற்கு முன்பே எனக்காகக் குழு அமைத்தீர்கள், விசாரித்தீர்கள், தண்டனையும் கொடுத்தீர்கள். என் மானத்தின் மேல் என்னைவிட அதிக அக்கறை காட்டியிருக்கிறீர்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கூடப் பிறந்த தம்பிகூட எனக்காக இத்தனை வேகமாக வந்து நின்றதில்லை. அந்த அன்புக்கு நான் கடமைப்பட்டவன்.

2. இனி நடந்தது. அந்த மாணவியைச் சக மாணவர்கள் 'ரேடியோ' என்று அழைப்பார்கள். வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். துறை விழா மேடையில் அவர் தனி ஆளாக ஒரு சிறு நாடகம் போட்டார். ஒரு பக்கம் திரும்பினால் மாணவர், மறுபக்கம் திரும்பினால் நான். மாணவர், "சார், மூணாவது வரி புரியல" என்பார். நான், "நல்லது. அடுத்ததைப் பார்ப்போம்" என்பேன். மாணவர், "சார், ஃபேன்ல புகை வருது" என்பார். நான், "நல்லது. குறிச்சுக்குங்க" என்பேன். மாணவர், "சார், வகுப்பு மாறி வந்துட்டீங்க, நாங்க இயற்பியல்" என்பார். நான், "நல்லது. எல்லாரும் வந்தாச்சா?" என்பேன். மாணவர்கள் எனக்கு 'நல்லது சார்' என்று பெயர் வைத்திருப்பதும் அன்றுதான் மேடையேறியது.

3. அரங்கம் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த நான் சிரிக்கவில்லை. பெருந்தன்மையும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் போலவே ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதும் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த சக பேராசிரியரிடம் என்னவென்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். "ஒண்ணுமில்ல சார், சும்மா ஏதோ பசங்க" என்று சொல்லிவிட்டார். நானும் நல்லது என்றேன்.

4. பிறகு குழு என்னை அழைத்தது. உறுப்பினர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். ஏசி குளிராக இருக்கிறதா என்று கேட்டு அதைக் குறைத்தார்கள். சாட்சியமாக அந்த நாடகத்தின் வீடியோவைப் போட்டு, மற்றவர் காதில் விழுந்து எனக்குச் சங்கடம் ஆகிவிடக் கூடாதே என்று ஒரு ஹெட்போனைத் தந்தார்கள். ஒலி முழு அளவில் வைக்கப்பட்டிருந்தது. ஐயா, பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மாணவரின் பேச்சை நான் சொல் சொல்லாகக் கேட்டது அந்த ஹெட்போனில்தான். இன்னொரு முறை போடச் சொன்னேன். அப்புறம் மறுபடியும் போடச் சொன்னேன்.

5. அப்போது என் கண் கலங்கியது உண்மை. குழு அதைப் பார்த்து, "ஆசிரியர் மேலே பேச முடியாத அளவுக்கு மனவேதனை அடைந்தார்" என்று பதிவு செய்து, அதையே தண்டனைக்கு முக்கிய ஆதாரமாக்கியது. என் புகார் இங்கேதான் தொடங்குகிறது. அழுதவனிடம் ஏன் அழுதாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம், ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அது அவமானக் கண்ணீர் அல்ல. எத்தனை பிள்ளைகள் எழுந்து புரியவில்லை என்று சொல்லியிருப்பார்கள், எத்தனை முறை நான் நல்லது என்று சொல்லி அவர்களை உட்கார வைத்திருப்பேன் என்று நினைத்தேன். அதற்குத்தான் அழுதேன்.

6. மறுநாளே காது மருத்துவரிடம் போனேன். இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டதாகச் சொன்னார். அவர் சான்றிதழை இணைத்திருக்கிறேன். இப்போது கருவி பொருத்தியிருக்கிறேன். என் மனைவிக்குச் சில வருடங்களாகக் கோபம் கூடிவிட்டது என்று நினைத்துப் பொறுமையாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவே இல்லை ஐயா, எனக்குக் கேட்பதற்காகக் கத்திக்கொண்டிருந்தார். "நான் வருஷக்கணக்கா தொண்டை கிழியக் கத்தினேன், உங்களுக்கு ஏறல. அந்தப் பொண்ணு ஒரு தடவ மேடையில சொன்னதும் ஏறிடுச்சு. அவளுக்குப் போய் தண்டனையா?" என்று அவர் கேட்கிறார். வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

7. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகு ஊருக்கே தெரிந்திருந்தது. சக பேராசிரியர்களுக்குத் தெரியும், ஆய்வக உதவியாளருக்குத் தெரியும், வாசல் காவலருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. விதி 12 ஆசிரியரின் உடல், குரல், பழக்கவழக்கம் பற்றிப் பேசுவதையும் எழுதுவதையும் நடித்துக் காட்டுவதையும் குற்றம் என்கிறது. இதன்படி என் சட்டையில் தீப்பிடித்தால்கூட, "சார், சட்டை" என்று சொல்வதற்கு ஒரு மாணவர் யோசிக்க வேண்டியிருக்கும். பருவம் தோறும் ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லா மாணவரும் எனக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டார்கள். எல்லாத் தரவும் ஒரே மாதிரி வந்தால் சந்தேகப்படு என்று முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறவன் நான். என் விஷயத்தில் மட்டும் சந்தேகப்படாமல் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

8. விதி 12 வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் துறையில் ஒரு பேராசிரியையின் முகத்தழும்பைப் பற்றிச் சுவரில் கிறுக்கினார்கள். அவர் வகுப்புக்கு வரவே கூசினார். அவரே புகார் கொடுத்தார், விதி அவரைக் காப்பாற்றியது. அதற்கும் நன்றி. ஆனால் புண்படுத்தச் சொல்வது வேறு, புண் இருக்கிறது என்று சொல்வது வேறு. எது எது என்று அந்தப் புண்ணுக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

9. இனி அந்த மாணவியின் நிலை. இடைநீக்கம் நீடித்தால் அவர் இறுதித் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் கைக்கு வந்த வேலை போய்விடும். சென்ற வாரம் அவருடைய அம்மா என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "தெரியாம பண்ணிட்டா சார், மன்னிச்சிருங்க" என்றார். தெரியாமல் செய்தது நானும் குழுவும்தான். தெரிந்து செய்தவர் அவர் மகள் ஒருவர்தான். எனக்குக் காதைத் திருப்பிக் கொடுத்த பெண்ணின் தாய் என் முன் கைகட்டி நின்றதுதான் இந்த விவகாரத்தில் எனக்கு நேர்ந்த ஒரே அவமானம். அதை விதி 12-இன் கீழ் யாரிடம் புகார் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

10. ஆகவே, ஐயா அவர்கள் அருள்கூர்ந்து, குழுவின் பதிவில் என் கண்ணீருக்கு எழுதப்பட்டுள்ள காரணத்தைத் திருத்தவும், அதன் மேல் கட்டிய இடைநீக்க ஆணையை ரத்து செய்யவும், இனி யார் சார்பாகவும் புண்படுவதற்கு முன் அந்த நபரைக் கேட்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்கவும் வேண்டுகிறேன். தேர்வுக்குப் பதிவு செய்யும் கெடு வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குப் பிறகு வரும் நல்ல ஆணையால் அவருக்குப் பயன் இல்லை.

11. இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். கருவி நன்றாக வேலை செய்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் பேனா மூடி விழுந்ததுகூடக் கேட்டது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பது முதல் வாரப் பாடம். இறுதியாண்டுப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். நான் வேண்டுமென்றே ஒரு கணக்கைப் போட்டு, விடை ஒன்றரை என்று பலகையில் பெரிதாக எழுதினேன். திரும்பி நின்று, புரிகிறதா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ உட்காரும் இடத்தை ஒருமுறை பார்த்தார்கள். பிறகு வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "புரியுது சார், ரொம்ப நல்லா புரியுது" என்றது. ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது ஐயா.

இப்படிக்கு,
தங்கள் கனிவுக்கு நன்றியும், தங்கள் ஆணைக்காகக் காத்திருப்பும் உடைய,

(ஒப்பம்)
இணைப் பேராசிரியர், புள்ளியியல் துறை

நாள்: புதன்கிழமை, மார்ச் 11
இடம்: புள்ளியியல் துறை, இரண்டாம் தளம்

இணைப்பு: காது மருத்துவரின் சான்றிதழ்.
நகல்: இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவிக்கு, என் நன்றியுடன்.