பல்லில்லாத வாள்கள்

ஊர்காவற்றுறை

அன்புள்ள மனைவிக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எங்கள் வாசல் படலையில் தொங்கும் பலகையில் ஒரு சொல்லை மாற்றுவதென்று தீர்மானித்துவிட்டேன். "பழங்கால வாள்கள் செய்து தரப்படும்" என்பதில் "செய்து" போய், "தீட்டி" வருகிறது.

ஒரு வாளாவது விற்றால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு, நீர் காரைநகரில் உமது அக்கா வீட்டுக்குப் படகேறினீர். லொறி வில்லுத்தகட்டைக் காய்ச்சி, பொழுதுபோக்காக நான் அடித்த ஒல்லாந்தர் காலத்து வாள்கள் எல்லாம் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன. பலகையைப் பார்த்து வந்தவர்கள் மரம் அறுக்கும் வாள்களோடு வந்தார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதை நான் யோசிக்கவில்லை. தச்சர் கதிர்காமு சுவரை நிதானமாகப் பார்வையிட்டார்.

"எல்லாம் வடிவாத்தான் கிடக்கு அண்ணை. ஆனா ஒண்டிலையும் பல்லில்லையே!"

பெயின்ற் இன்னும் காயவில்லை. மழை வராவிட்டால் நாளைக்குக் காய்ந்துவிடும்.

நேற்று உமது அத்தானும் ஒரு பழைய வாளோடு வந்தார். "கெதியாய் வேணும் தம்பி, இண்டைக்கே. உம்மடை மனிசிக்கு அங்கை ஒரு அறை போடுறம், கூரைமரம் அறுக்கோணும்" என்றார்.

தீட்டிக் கொடுத்தேன். நன்றாக அறுக்கும்.

இக்கரையிலிருந்து,
உமது கணவர்