ஏழுமலை அண்ணன் சொன்ன சாட்சி

1986, ஆடி மாதம், புதன்கிழமை இரவு

இன்று விழுப்புரம் லேபர் ஆபீசில் நஷ்டஈட்டு கேஸ் விசாரணை. திண்டிவனத்து மல்லாட்டை மில்லில் என் வீட்டுக்காரரின் வலது கை விரல்கள் கடலை உடைக்கும் மிஷினில் போனபோது, பக்கத்தில் இருந்தது அவர் கூட்டாளி ஏழுமலை அண்ணன் மட்டும்தான். மோட்டாரை நிறுத்தி, இவரைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான். அவர் நடந்ததைச் சொன்னால் போதும் என்று நம்பிப் போனோம்.

அவர் முதலாளியின் வக்கீல் பக்கத்தில் நின்று, "குடிச்சிட்டு வந்து அவனே கைய வுட்டுக்கினான் சார்" என்றார். இவர் சாராயத்தைத் தொட்டதே இல்லை. அதை நான்தான் எழுந்து சொன்னேன்.

"வேற சாட்சி இருந்தா கூட்டிக்கினு வாங்கம்மா" என்றார் அதிகாரி. வேறு யார் இருக்கிறார்கள்?

திரும்பும்போது அதே பஸ்ஸில் ஏழுமலை அண்ணனும் ஏறினார். எங்களைப் பார்த்ததும் படிக்கட்டோரமே நின்றுவிட்டார். இவர் நகர்ந்து இடம் விட்டு, "வாடா, உக்காரு. திண்டிவனம் வரைக்கும் நின்னுக்கினே வருவியா?" என்று கூப்பிட்டார். அண்ணன் வரவில்லை. கம்பியைப் பிடித்த கையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அந்தாள ஏன் கூப்பிட்டீங்க?"

"அவனுக்கும் அந்த மில்லுதானடி சோறு போடுது."

எனக்கு அந்த மனசு இல்லை. இனி எப்படிப் பிழைக்கப்போகிறோம் என்றும் தெரியவில்லை.

தூக்கத்தில் இவர் போர்வையை இழுக்கப் பார்க்கிறார், வலது கையால். நான் போய் இழுத்துவிட வேண்டும்.