உப்புப் பக்கம் நாக்கில்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் தூரினில் நலம். இன்று ஜெனோவா துறைமுகம் போய்விட்டு, திரும்பும் ரயிலில் இதை எழுதுகிறேன். பயப்படாதே.

காலையில் அங்கே ஒரு கடையில், மேலே உப்புத் தூவிய ஃபொக்காச்சா ரொட்டியைக் கடித்தேன். கடைக்காரி அதட்டினாள்: "நீ எந்த ஊரும்மா? கவுத்துப் போட்டுத் தின்னு, உப்புப் பக்கம் நாக்குல படணும்! அப்புறம் காப்பியில முக்கு!"

"தெக்கே எங்க ஊரு பாரியில தக்காளி வச்சுச் சுடுவோம். காப்பியிலயா முக்குவாங்க?"

"அதான் வேலை தேடி இங்க வந்திருக்கியாக்கும்!"

முக்கித் தின்றேன். உன்னிடம் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

பிறகு, அப்பா கப்பலேறித் திரும்பாமல் போன மேடையில் வெகுநேரம் நின்றேன். அழவில்லை. அடுத்த மாதம் அங்கிருந்துதான் நானும் ஏறுகிறேன். கப்பல் சமையலறையில் வேலை, கையெழுத்துப் போட்டாயிற்று. திட்டியாவது எழுது.

கடலில் குளிருமாம். அப்பாவின் கம்பளிச் சட்டையை அனுப்பு. துவைத்துவிடாதே.

ரயில் தூரினுக்குள் நுழைகிறது, முடிக்கிறேன்.

உன் நுன்சியா