நீர் மாத்திரை

சின்ன காஞ்சிபுரம்,
மார்கழி 12.

அன்புள்ள தம்பி சிவபாலனுக்கு அண்ணி துர்காதேவி எழுதுவது. சிங்கப்பூரில் நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் என் வாய் சும்மா இருக்காது, அதனால்தான் புடவைப் பார்சலோடு கடிதம்.

உங்கள் அண்ணன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து நேற்றுதான் வீடு வந்தார். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே தூங்கினார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். ஒரு மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்துது, இன்னொண்ணு இதயத்தை நிதானமாத் துடிக்க வைக்குது, நீர் மாத்திரை உப்பையும் நீரையும் வெளியேத்தி இதயத்தோட பாரத்தைக் குறைக்குது, அதை நிறுத்தச் சொன்னது யாரு என்று டாக்டரம்மா கேட்டார். இவர் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார்.

நான் சொல்கிறேன். உங்கள் பெண் சுகாசினியின் கல்யாணப் புடவைதான் தறியில் இருந்தது. கரையைத் தனி நூலில் கோர்த்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது இதே வீட்டில் பிறந்த உங்களுக்குத் தெரியாததா? அவர் நெய்வார், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நான் நாடா தள்ளுவேன். அந்த நீர் மாத்திரை போட்டால் காலையில் நாலைந்து தரம் தறிக்குழியை விட்டு பாத்ரூமுக்கு எழுந்து போவார். இரண்டு பேர் வேலையும் நிற்கும். பிரஷர்தான் நார்மல் ஆயிடுச்சே, புடவை முடியிற வரைக்கும் அதை நிறுத்துண்ணா என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். மாத்திரை போட்டதால்தான் நார்மல் ஆனது என்று உங்கள் படிப்புக்குத் தோன்றவில்லை. தம்பி சொன்னால் அவருக்கு வேதவாக்கு. மூன்று வாரம் அதைத் தொடவில்லை.

என் பங்கும் உண்டு. எழுந்து போகும்போதெல்லாம் மறுபடியுமா என்று முகம் சுளித்தவள் நான். அப்புறம் அவர் எழுந்திருக்காமல் நெய்தபோது வேலை ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி அவர் தறிக்குழியில் இறங்கவே கூடாதாம். கடைசி ஒரு முழம் பக்கத்து வீட்டு அப்பாதுரை அண்ணன் நெய்து கொடுத்தார். கை மாறிய இடம் தடவிப் பார்த்தால் தெரியும்.

குழந்தை மேல் எனக்கென்ன கோபம். சுகாசினி இதைக் கட்டிக்கொண்டு தீர்க்க சுமங்கலியாக வாழட்டும். நீங்களும் நார்மல் ஆகிவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டதாக உங்கள் மனைவி இளவரசி சொன்னாள். நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள். தாலி ஏறும்போது அவள் பக்கத்தில் அப்பாவாவது நிற்க வேண்டும். பெரியப்பாவால் வர முடியாது.

இப்படிக்கு,
அண்ணி துர்காதேவி