நின்ற காலின் அளவு

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. விழுந்தது போல "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவைத்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்று மறக்காமல் எழுது. நாற்பது வருஷம் லிஃப்ட் மோட்டார் அறையில் கிடந்த காது, இனித் திருந்தாது. நமக்குக் கடிதம்தான் ஒத்துவரும்.

ஒரு உதவி வேண்டும். சிரிக்காதே. எனக்கு ஒரு ஜோடி நீச்சல் துடுப்பு வாங்க வேண்டும். காலில் மாட்டிக்கொள்வார்களே, வாத்துக்கால் போல, அதுதான். ஆனால் குழந்தைகள் போடும் குட்டை பிளாஸ்டிக் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்கடியில் போகிறவர்களுக்கென்று முழங்கால் உயரத்துக்கு நீளமாக வரும். போன வருஷத்திலிருந்து நகராட்சி நீச்சல்குளத்தில் காலை வேளையில் இதைப் பழகுகிறேன். அங்கே இரவல் வாங்கிய துடுப்பு எனக்குப் பெரிது. குதிகால் நழுவி, தோல் உரிந்துவிட்டது. இங்கே கடைகளில் சரியான அளவு இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கால் அளவைப் பார்த்து அனுப்புகிறதாம். இணையத்தில் அந்தப் படிவத்தை நிரப்ப எனக்குக் கை வரவில்லை.

பிறந்தநாளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று வருஷா வருஷம் சொல்வேன். இந்த வருஷம் சொல்லவில்லை.

உன் அப்பா


ஜனவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா என்று கேட்டேன். அதற்குத்தான் சரி சொன்னீர்கள். அது உண்மையாகவே இருக்கட்டும்.

துடுப்பு விஷயத்தை இரண்டு முறை படித்தேன். எழுபத்து மூன்று வயதில் மூச்சடக்கி மூழ்குவது நல்லதென்று எந்த ஆய்வும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அங்கே உங்களுக்குத் துணை யார்? மயங்கினால் யார் பார்ப்பார்கள்? அதை முதலில் எழுதுங்கள்.

கம்பெனியின் பக்கத்தைப் பார்த்தேன். கால் நுழையும் ரப்பர் பகுதி தளர்ந்திருந்தால் கழன்றுவிடும். இறுகினால் கால் மரத்துத் தசை பிடித்துக்கொள்ளும். அதனால் அளவில் கறாராக இருக்கிறார்கள். மாலையில்தான் எடுக்க வேண்டும். காகிதத்தின் மேல் இரண்டு காலிலும் சமமாக நிற்க வேண்டும். உட்கார்ந்தோ படுத்தோ எடுத்த அளவு செல்லாது. முக்கியமாக, கோட்டை இன்னொருவர் வரைய வேண்டும். தானே குனிந்து வரைந்தால் எடை முன்னால் சாய்ந்து கால் நீண்டுவிடுமாம். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை மில்லிமீட்டரில் எழுதி, அந்தக் காகிதத்தையே எனக்கு அனுப்புங்கள்.

வாங்குவதாக இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மகள்


பிப்ரவரி 3

அன்புள்ள புரொபசரம்மாவுக்கு,

காகிதம் இணைத்திருக்கிறேன். 261. இரண்டு காலும் ஒன்றுதான். லிஃப்ட் கதவுக்கும் தளத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று கண்ணாலேயே சொன்னவன் நான். ஆனாலும் உன் கம்பெனிக்காக ஸ்கேல் வைத்தேன்.

வரைந்தது நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் என் துணை. ஒருவர் மூழ்கினால் மற்றவர் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. நான் எழுந்து வந்ததும், "லிஃப்ட்காரரே, எந்த மாடியில மாட்டிக்கிட்டீங்க? இவ்வளவு நேரம்!" என்பார். மாலையில் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொடுத்தார். "என் புருஷன் காலைக்கூட நான் இப்படிப் பிடிச்சதில்ல" என்று அலுத்துக்கொண்டார்.

ஏன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உன் அம்மா போன பிறகு வீட்டில் எனக்குக் காது கேட்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போய்விட்டது. பேச ஆள் இருந்தால்தானே தெரியும். வெளியே போனால் எல்லோரும் கத்துகிறார்கள். தண்ணீருக்கடியில் யாருக்குமே காது கேட்காது. அங்கே நானும் மற்றவர்களும் ஒன்று.

அப்பா


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆர்டர் செய்துவிட்டேன். கறுப்பு நிறம். நேரே உங்கள் வீட்டுக்கு வரும். நர்ஸம்மா இல்லாத நாளில் மூழ்க மாட்டேன் என்று எழுதிக்கொடுங்கள். போனில் சொல்லும் சரி செல்லாது.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுத முயன்றேன். வரவில்லை. அம்மாவின் காரியத்துக்கு வந்த அந்த முறை நான்கு நாளில் கிளம்பியிருக்கக் கூடாது. தேர்வுத்தாள்கள் காத்திருந்தன. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

உங்கள் மகள்


மார்ச் 12

அன்பு மகளுக்கு,

நர்ஸம்மா இல்லாமல் மூழ்க மாட்டேன். இதோ எழுதிக்கொடுத்துவிட்டேன்.

துடுப்பு பிப்ரவரி கடைசியில் வந்தது. பெட்டியைப் பிரித்து நடுக்கூடத்திலேயே மாட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "என்ன சார், மாடு கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். முதல் நாள் ஒரே மூச்சில் குளத்தின் அந்தக் கரை வரை போனேன். கால் அசைந்ததே தெரியவில்லை. எண்ணெய் போட்ட தண்டவாளத்தில் லிஃப்ட் இறங்குவது போல இருந்தது. கரையில் நின்ற நர்ஸம்மா கை தட்டினார். எனக்கு அது கேட்கவில்லை, தெரிந்தது.

ஆனால் ஒரு வாரமாகக் கடிக்கிறது. கழற்றினால் காலில் ரப்பர் விளிம்பு பதிந்து அப்படியே நிற்கிறது. சரி, அளவெடுத்ததில் தப்பு நடந்திருக்கலாம் என்று மறுபடி வரையச் சொன்னேன். 267 வருகிறது. உனக்கு வேலை வைக்கிறேன், கோபிக்காதே. உன் அடுத்த கடிதத்தை எதிர்பார்த்திருக்கிறேன்.

அப்பா


மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் எப்படி வந்தது? நீங்களா இப்படி? முதல் தடவை நர்ஸம்மா பென்சிலை உள்ளே சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும். அல்லது இரண்டாவது தடவை வெளியே. இரண்டில் எது சரி என்று இங்கிருந்து நான் எப்படிச் சொல்வது?

நனைந்த துடுப்பை மாற்றித் தர மாட்டார்கள். இன்னொரு ஜோடிதான் வாங்க வேண்டும். அதற்கு முன் மூன்றாவது அளவு ஒன்று எடுத்து அனுப்புங்கள். பென்சிலை நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். தரை சமமாக இருக்கட்டும். மாத்திரை?

உங்கள் மகள்


ஏப்ரல் 5

அன்பு மகளுக்கு,

மூன்றாவது காகிதம் இது. பென்சில் நேராகத்தான் இருந்தது, நான் குனியாமல் கழுத்தை மட்டும் சாய்த்துப் பார்த்தேன். "அசையாதீங்க, அதட்டுவேன்!" என்று திட்டு வாங்கினேன். 274.

மாத்திரை போடுகிறேன். குளத்துக்கு இந்த வாரம் போகவில்லை, தண்ணீர் மாற்றுகிறார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருக்கும் லிஃப்ட்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று சுவரில் இருக்கும் விளம்பரம் எல்லாம் படித்துவிடுகிறேன். அறிவு வளர்கிறது.

உன் மாணவர்கள் எப்படி? நீ சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தில் துடுப்பைத் தவிர இரண்டு வரி உன்னைப் பற்றியும் எழுதலாம்.

அப்பா


ஏப்ரல் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலாண்டு மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே இதுதான். எந்த அளவிலும் பிழை இருக்கும். ஒரே பொருளைப் பல முறை அளந்து சராசரி எடுத்தால், கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உண்மைக்கு அருகில் வரும். 261, 267, 274. சராசரி 267.3. அந்த அளவில் ஆர்டர் செய்துவிட்டேன். உங்கள் கால்களை வகுப்பில் உதாரணமாகவும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது காகிதத்தில் கணுக்கால் பக்கம் ஒரு சின்ன வட்டம் போட்டு, உள்ளே "குழி" என்று எழுதியிருக்கிறது. உங்கள் கையெழுத்து இல்லை. என்ன அது?

என்னைப் பற்றி: சாப்பிடுகிறேன். தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஜன்னலுக்கு எதிரே மேசை போட்டிருக்கிறேன். இரண்டு வரி ஆகிவிட்டது.

உங்கள் மகள்


மே 10

அன்பு மகளுக்கு,

அந்தக் குழி ஒன்றுமில்லை. தரையில் ஒரு ஓடு பெயர்ந்து பள்ளமாக இருந்தது. அதை நர்ஸம்மா குறித்துவைத்தார்.

இரண்டாவது ஜோடி வந்தது. காலே நுழையவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன். நர்ஸம்மா இழுத்துப் பார்த்தார். இருவரும் சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. பரவாயில்லை, இனி வாங்க வேண்டாம்.

படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. உன் அம்மாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே மேசை என்று எழுதியிருந்தாய். ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது? அதை எழுது. துடுப்பு இல்லாவிட்டாலும் எழுது.

அப்பா


மே 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மூன்று காகிதங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அந்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். ஒரு கோட்டுக்குள் ஒரு கோடு. எங்குமே ஒன்றையொன்று வெட்டவில்லை.

பிழை என்றால் இரண்டு பக்கமும் சிதற வேண்டும். இது ஒரே பக்கமாக ஏறியிருக்கிறது. இருபத்து மூன்று வருஷமாக இதைப் பாடம் நடத்துகிறேன். முதலில் எண்களை வரிசையாகப் பாருங்கள், பிறகு சராசரி எடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறவள், என் அப்பாவின் காலுக்குச் சராசரி எடுத்தேன். அது மாறாத ஒரு பொருள் என்று நினைத்துவிட்டேன்.

குழி தரையில் இல்லை, இல்லையா? வீங்கிய காலில் நர்ஸம்மா விரலால் அழுத்திக் குழி விழுந்த இடம் அது. ரப்பர் பதிந்த தடம் மறையவில்லை என்று மார்ச்சிலேயே எழுதினீர்கள். மாடிப்படி, நாற்காலியில் தூக்கம், எல்லாமே எழுதியிருக்கிறீர்கள்.

நேற்றே போன் செய்தேன். "கால் வீங்கியிருக்கா? டாக்டரைப் பாத்தீங்களா?" என்று நான்கு முறை கத்தினேன். கடைசியில் ஒன்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றீர்கள். அதனால் எழுதியும் விடுகிறேன். ஜூன் 4 காலை அங்கே இருப்பேன். தேர்வுத்தாள்களை வேறொருவர் பார்த்துக்கொள்வார். திரும்பும் தேதி போடாமல் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அளவை இனி நானே எடுக்கிறேன்.

மகள்


மே 24

அன்பு மகளுக்கு,

மூன்று நாள் முன்னால் போனில் என்னவோ கத்தினாய். சரி சொன்னேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எழுது.

உன் குரல் சரியில்லை என்பது மட்டும் காதில் விழுந்தது. கண்டுபிடித்திருப்பாய், புரொபசரம்மா. அதனால் சொல்லிவிடுகிறேன். இதயம் தளர்ந்துவிட்டதாம். தண்ணீர் காலில் தங்குகிறதாம். மோட்டார் பழசு, உதிரிபாகம் கிடையாது. டாக்டர் இப்படிச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு இந்த பாஷைதானே புரியும். இரண்டாவது தடவை வரையும்போதே நர்ஸம்மா பிடித்துவிட்டார். "பொண்ணுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று சண்டை. அவர் வேண்டுமென்றேதான் காகிதத்தில் அந்த வட்டத்தைப் போட்டார். ஏப்ரலில் டாக்டர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றுவிட்டார். குளத்தில் தண்ணீர் மாற்றவில்லை, பொய்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ வருவாய். நான்கு நாள் இருந்துவிட்டுப் போவாய். சொல்லாவிட்டால் கடிதம் வரும். போன மூன்று வருஷத்தில் நீ எழுதியது மூன்று கடிதம். இந்தத் துடுப்புப் பேச்சு வந்த பிறகு நான்கு மாதத்தில் நான்கு. இதற்கும் சராசரி போட்டுச் சொல்.

நீ தப்பாக வாங்கவில்லை. முதல் ஜோடி கச்சிதம். புது மாத்திரையில் தண்ணீர் வடிகிறது. நேற்று கட்டிலில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கடித்தாலும் நுழைந்துவிட்டது. அப்படியே சற்று நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலில் என்ன தெரிகிறது என்று நீ இன்னும் எழுதவில்லை.

உன் அப்பா


ஜூன் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

வருகிறேன் என்று சொன்னேன். அதற்குத்தான் சரி சொன்னீர்கள்.

உங்கள் கடிதம் நான் கிளம்பிய நாள் காலையில் வந்தது. விமான நிலையத்தில் இருந்தபோது நர்ஸம்மா போன் செய்தார். மே 30 அன்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும் ஜூன் 3 காலை முடிந்துபோனதையும் ஒரே மூச்சில் சொன்னார். இங்கே வந்து கீழே தபால் பெட்டியைத் திறந்தேன். நான் எழுதிய கடிதம் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. நானே எழுதி, நானே எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். நீங்கள் நின்ற இரண்டு இடங்களிலும் நின்றேன்.

என் ஜன்னலில் ஒரு வாகன நிறுத்துமிடம் தெரிகிறது. அதற்குப் பின்னால் ஒரு பள்ளியின் சுவர். வேறொன்றும் இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை எடுத்துப் போவதற்கு முன், ஒரு காகிதம் கேட்டு வாங்கினேன். எதற்கென்று நர்ஸம்மா கேட்கவில்லை. "நீயே வரைம்மா. இந்தத் தடவை காகிதத்தை நான் பிடிச்சுக்கறேன்" என்று உங்கள் பாதத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பென்சிலை நேராகப் பிடித்தேன். வீக்கம் முழுக்க வடிந்திருந்தது.

படுத்திருக்கும் காலில் எடுத்த அளவு செல்லாது என்று கம்பெனி சொல்கிறது. 261.

உங்கள் மகள்