திரையிலிருந்து நீக்கிய மணல்திட்டு

1998 ஜூலை, செவ்வாய் இரவு

இன்று எங்கள் கடல் வரைபடத்தையும் பக்கத்து நாட்டினுடையதையும் கணினியில் இணைத்தோம். எல்லையில் நாங்கள் அளந்த மணல்திட்டு அவர்கள் படத்தில் இல்லை. மேலாளர் செல்வம் அண்ணன் அதை நீக்கச் சொன்னார்.

“அவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க லா. அடுத்த மீட்டிங்ல பேசிக்கலாம்.”

“அதுவரைக்கும் கப்பலெல்லாம் நிக்குமா அண்ணே?”

அவரே நீக்கிவிட்டார்.

நாளை மாலுமியான என் கணவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறார். இந்தப் புதுப் படத்தை வைத்து அந்த வழியாகத்தான் போவார். அலுவலக விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது. சாப்பிடும்போது, “ஏன் ஒரு மாதிரியா இருக்க?” என்று கேட்டார். தலைவலி என்றேன்.

இப்போது தூங்குகிறார். வேலை போனாலும் சரி, எழுப்பிச் சொல்லிவிடுவேன். மற்றக் கப்பல்களில் இருப்பவர்களிடம் யார் சொல்வது?